கஞ்சி போன துண்டு

தென்காசிப் பெண்கள் கொல்லம் வண்டியேறி வியாபாரத்துக்குப் போகலாம் என்று ஆரம்பித்துவைத்தவள் முத்துவடிவு. அது ஐம்பத்திரண்டாம் வருசம். அப்போது ஊரில் பேசாத பேச்சில்லை. பெண்பிள்ளை மூட்டை தூக்கி மலை தாண்டினால் மழை பொய்த்துப்போகும் என்றுகூட ஒரு பெரிய மனிதர் சொன்னார். அந்த வருசம் குற்றாலத்தில் மூன்று மாதம் விடாத சாரல். அதற்குப் பிறகு அந்த மனிதர் இவளை எதிரே கண்டால் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

அவள் புருசன் பலவேசத்துக்குக் குற்றாலம் ரோட்டில் குதிரைவண்டி. சீசன் மூன்று மாதம் அவனும் குதிரையும் சேர்ந்து தின்பார்கள். மற்ற ஒன்பது மாதம் குதிரை மட்டும் தின்னும். கல்யாணமாகி நாலு வருசம் இந்தக் கூத்தைப் பார்த்த முத்துவடிவு, சுரண்டைப் பக்கத்துத் தறிகளில் துண்டும் சிறுபிள்ளைகளுக்கான சிற்றாடையும் எடுத்து, மூட்டை கட்டி, புனலூருக்குக் கொண்டுபோனாள். மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளில் வேலைசெய்கிற நம் ஊர்ப் பெண்களுக்கு அங்கே கிடைக்கிற வெள்ளை முண்டு மனசுக்குப் பிடிக்கவில்லை. சிவப்பும் பச்சையும் கரை போட்ட துணி வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எந்தச் செட்டியாருக்கும் தோன்றவில்லை, முத்துவடிவுக்குத் தோன்றியது.

ஆறு வருசத்தில் ஒன்று நாலாயிற்று. கண்ணாடி வளையல் கொண்டுபோகிற நூர்நிஷா, வத்தலும் கொத்தமல்லியும் கொண்டுபோகிற தங்கபுஷ்பம், கடைசியாக வந்து சேர்ந்த சந்தனமாரி. இவர்களைக் கூட்டுக்காரிகள் என்று ஸ்டேஷனில் சொல்வார்கள்.

வியாபாரம் பெரிய காரியமில்லை. ராத்திரி எங்கே தலைசாய்ப்பது என்பதுதான் பெரிய காரியம். பெண்பிள்ளை லாட்ஜில் போய்ப் படுக்க முடியுமா? அதற்கு முத்துவடிவு ஒரு வழி செய்திருந்தாள். போகிற ஊரில் ஒவ்வொருத்திக்கும் ஒரு தங்கல் வீடு. அந்த வீட்டில் சொல்லுக்கு மதிப்புள்ள ஒரு பெண் இருக்க வேண்டும். வாடகை என்று வாயைத் திறக்கக் கூடாது. அதற்குப் பதில், சாரல் காலத்தில் அந்த வீட்டுக்காரி பிள்ளைகுட்டிகளோடு தென்காசி வந்து பத்து நாள் இவர்கள் வீட்டில் தங்குவாள். பலவேசத்தின் வண்டியில் அருவிக்குப் போய்க் குளிப்பாள். போகும்போது அவள் ஊரில் இன்னும் இரண்டு வீட்டுக்கு வழி சொல்லிவிட்டுப் போவாள். கூட்டு வளர்ந்தது அப்படித்தான்.

அதற்கு முத்துவடிவு இரண்டு சட்டம் வைத்திருந்தாள். தங்கல் வீட்டில் கண்டதைக் கேட்கக் கூடாது, வந்து வெளியே சொல்லவும் கூடாது. இது ஒன்று. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் மூட்டையை இறக்காமல் தெருமுனையிலேயே திரும்பிவிட வேண்டும், வா என்று கூப்பிட்டாலும் போகக் கூடாது. இது இரண்டு. "நாலு பேரு நாலு வீட்டுல படுத்து எந்திச்சு வாரோம். ஒருத்தி அம்மையைக் கொண்டாந்தா எட்டு வீட்டுக்குப் போவும்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவள் முகத்திலும் ஏழெட்டுத் தழும்பு உண்டு. ஐந்து வயதில் பட்டுப் பிழைத்தவள். அந்த இரண்டாவது சட்டத்தை நம்பித்தான் வீட்டு ஆண்பிள்ளைகளும் மாமியார்களும் இவர்களை ரயிலேற விட்டார்கள்.

சந்தனமாரியைச் சேர்ப்பதற்கு ஊரை ஒட்டிய கீழப்புலியூருக்கு மூன்று நடை நடக்கவேண்டியிருந்தது. அவள் மாமியார் முருகம்மாள் முறத்தில் உளுந்தைக் கொட்டி வைத்துக்கொண்டு, முகம் நிமிராமல் பேசினாள்.

"ஒனக்கென்ன முத்துவடிவு, ஒம்பது வயசு மக சோறு வடிக்கா. இவ மடியில ஏழு மாசத்துப் பச்சப் பிள்ள கெடக்கு. அதப் போட்டுட்டு ரயிலேறுன்னு சொல்லுதியே, இது என்ன நாயம்?"

"செங்கோட்டைச் சந்தை வரைக்குந்தான மயினி. காலம்பற வண்டியில போயி, நாங்க திரும்புத வண்டியில ஏறி வந்துருவா. மலைக்கு அந்தப் பக்கம் அவ வரவே வேண்டாம்."

"எம் மவன் ஒண்ணுஞ் சொல்ல மாட்டான். அவன் வாயில்லாப் பூச்சி. நாந்தான் கேக்கணும். பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா?"

"நான் இருக்கேம்லா."

முருகம்மாள் உளுந்தில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "சரி. ஒன் மொகத்துக்காவ அனுப்புதேன். வேற ஒருத்தி வந்து கேட்டிருந்தா வெளக்கமாத்தத்தான் எடுத்திருப்பேன்."

கதவுக்குப் பின்னால் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சந்தனமாரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இருபது வயதுதான் அவளுக்கு.

ஐம்பத்தெட்டாம் வருசம் வைகாசி இருபதாம் தேதி, திங்கட்கிழமை புறப்பட்டார்கள். அந்த வருசம் வெயில் மண்டையைப் பிளந்தது. மேற்கே மலைமேல் ஒரு துண்டு மேகம் இல்லை. அருவியில் வெறும் பாறைதான் வடிகிறது என்று பலவேசம் புலம்பிக்கொண்டிருந்தான். செங்கோட்டையில் சந்தனமாரியை இறக்கிவிட்டு, பகவதிபுரம் தாண்டி வண்டி மலையேறியதும் மூவரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். புளிச்சோறும் சுட்ட அப்பளமும். குகைக்குள் வண்டி நுழையும்போது கரி உள்ளே வராமல் ஜன்னலை இழுத்து மூடினார்கள். அந்த இருட்டில்கூட தங்கபுஷ்பம் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"வாயி எங்கன இருக்குன்னு தெரியுதாட்டி?" என்று நூர்நிஷா கேட்டாள்.

"கைக்குத் தெரியும்" என்றாள் தங்கபுஷ்பம்.

புனலூரில் முத்துவடிவுக்குத் தங்கல் வீடு ஞானபாக்கியத்தின் வீடு. நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். புருசன் மரம் அறுக்கிற இடத்தில் வேலை பார்த்தான். முத்துவடிவு கொண்டுவருகிற துண்டுகளை எஸ்டேட் லயன் குடியிருப்புகளுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றுக்கொடுப்பவள் ஞானபாக்கியம்தான். விற்காததை அடுத்த நடையில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஆறு வருசத்தில் ஒரு நூல் குறைந்ததில்லை.

சந்து திரும்பியதும் முத்துவடிவு வழக்கம்போல வாசல் கூரையின் இறவாணத்தை அண்ணாந்து பார்த்தாள். வேப்பிலை இல்லை. மூட்டையை இறக்கினாள்.

எப்போதும் பாதிச் சந்துக்கே ஓடிவந்து மூட்டையில் ஒரு கை பிடிக்கிற ஞானபாக்கியம் அன்று கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் உள்ளே போயிருந்தது.

"வாங்க மயினி. இன்னைக்கு முன்னறையிலயே இருந்துக்கிடுங்க. உள்ள ஒரே வேக்காடு."

"ஏசுதாசன எங்க?" அவளுடைய நாலு வயதுப் பையன். முத்துவடிவைக் கண்டால் மடிப்பையைத் தடவிக் கடலைமிட்டாய் தேடுகிறவன்.

"தூங்குதான். மேலுக்குச் சொகமில்ல."

உள்ளறைக்குச் சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து சின்னதாக ஒரு முனகல் வந்தது. ஞானபாக்கியம் சட்டென்று எழுந்து உள்ளே போய் வந்தாள். மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தேங்காய்ச் சம்மந்தியோடு வைத்தாள். ஆனால் கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. அறையில் ஏதோ ஒரு வாடை. பழுத்த பழம் அழுகினாற்போல. கேட்கலாமா என்று முத்துவடிவு நினைத்தாள். சட்டம் போட்டவளே அதை மீறலாமா? தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காலையில் புறப்படும்போது ஞானபாக்கியம் பழைய மூட்டையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"மூணு கட்டும் அப்படியே இருக்கு. எஸ்டேட்டுக்கு நான் போவல மயினி. புதுசா ஒண்ணும் வைக்காதீங்க. எல்லாத்தையும் கொண்டுபோயிருங்க."

"சரி, ஆனியில பாத்துக்கிடுவோம். சீசனுக்கு வருவேல்லா?"

ஞானபாக்கியம் திரும்பித் திரையைப் பார்த்தாள். "இந்த வருசம் நாங்க வாரதுக்கில்ல. எனக்காக ஜெபம் பண்ணிக்கிடுங்க மயினி" என்றாள்.

தான் ஏதோ மனசு நோகச் செய்துவிட்டோம் போலிருக்கிறது என்று எண்ணியபடியே முத்துவடிவு ஸ்டேஷனுக்கு நடந்தாள். நூர்நிஷா கொல்லம் வரை போய்விட்டு இரண்டு நாள் கழித்து வருவதாக ஏற்பாடு. தங்கபுஷ்பமும் இவளும்தான் திரும்பினார்கள்.

வண்டியில் சும்மா இருக்க முடியாமல் முத்துவடிவு திரும்பிவந்த துண்டுகளை எண்ணி மடித்தாள். தறியிலிருந்து வந்த துண்டு கஞ்சி விறைப்போடு இருக்கும். விரலை வைத்தால் சரசரக்கும். பதினேழாவது துண்டில் அவள் விரல் நின்றது. சரசரப்பு இல்லை. துவண்டு கிடந்தது. யாரோ கட்டி, நனைத்து, உலர்த்தி, மடிப்புக் கலையாமல் மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். சிவப்புக் கரை போட்ட நல்ல துண்டு.

முத்துவடிவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு துண்டு வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே, தரமாட்டேன் என்றா சொல்லியிருப்பேன் என்று நினைத்தாள். கஞ்சி போனதை இனி யாரிடமும் புதுசென்று விற்க முடியாது.

செங்கோட்டையில் சந்தனமாரி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறினாள். முந்தின நாள் சாயங்காலம் வீடு திரும்பி, அன்று காலையில் மறுபடி சந்தைக்குப் போயிருக்கிறாள். கொண்டுபோன சிற்றாடையில் ஒன்று பாக்கியில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சித்திரை விசுத் திருவிழாவுக்குப் போய்வந்தவள் மாதிரி இருந்தது.

"யக்கா, ஒரு மலையாளத்துக்காரி எங்கிட்ட பேரம் பேசுதா. அவ பேசுதது எனக்குப் புரியல, நான் பேசுதது அவளுக்குப் புரியல. ரெண்டு பேருஞ் சிரிச்சுட்டோம். பொறவு நாலு வாங்கிட்டுப் போனா."

"கைராசிக்காரிட்டி நீ" என்று தங்கபுஷ்பம் சொன்னாள்.

முத்துவடிவு மூட்டையைப் பிரித்து, அந்தச் சிவப்புக் கரைத் துண்டை எடுத்துச் சந்தனமாரியின் மடியில் வைத்தாள். "மொத யாவாரத்துக்கு என் கையால. பிள்ளைக்கு வச்சுக்கோ." சந்தனமாரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விற்க முடியாத சரக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நல்ல பெயரும் வாங்கிக்கொள்வது வியாபாரிகளுக்குக் கைவந்த கலை. முத்துவடிவு வியாபாரிதானே.

வியாழக்கிழமை சாயங்காலம் நூர்நிஷா ஸ்டேஷனிலிருந்து நேரே முத்துவடிவு வீட்டுக்கு வந்தாள். ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். முத்துவடிவின் மகள் குழல்வாய்மொழியை வெளியே போய் விளையாடச் சொன்னாள்.

"முத்து, நல்லதும் கொண்டாந்திருக்கேன், கெட்டதும் கொண்டாந்திருக்கேன். எத மொதல்ல சொல்லட்டும்?"

"நல்லதச் சொல்லு."

"கொல்லத்துல பெரிய ஜவுளிக்கடைக்காரரு வீட்டம்மா கூப்பிட்டனுப்பிச்சா. என் தங்கல் வீட்டுத் தையக்காரி சொல்லி வச்சிருந்தா போலுக்கு. ஓணத்துக்குச் சிற்றாடை நானூறு வேணுமாம். ஆனி அஞ்சுக்குள்ள நாலு பேருமா வந்து பேசி முடிச்சுட்டுப் போங்கன்னா. பொம்பளைங்க கிட்டத்தான் வாங்குவேன்னு அவ பிடிவாதம் பிடிக்கா."

ஆறு வருசம் கட்டுக் கட்டாகச் சுமந்து விற்றதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்குத்தான் என்று முத்துவடிவுக்குப் பட்டது.

"கெட்டது என்ன?"

நூர்நிஷா குரலைத் தாழ்த்தினாள். "ஞானபாக்கியம் மவனுக்குப் பெரியம்மை. பத்து நாளா மூடி மறச்சு வச்சிருந்திருக்கா. நேத்து சுகாதார ஆளுக வந்து பிள்ளையத் தூக்கிட்டு ஊருக்கு வெளிய கொட்டகைக்குக் கொண்டுபோயிட்டாங்க. வீட்டச் சுத்திச் சுண்ணாம்பு போட்டுருக்கு. தெருவே கூடி நிக்கி. அவ மண்ணுல கெடந்து உருளுதா."

வேப்பிலை இல்லையே என்பதுதான் முத்துவடிவின் மனசில் முதலில் வந்தது. அதற்கு அடுத்தபடியாக, வேதக்கார வீட்டில் எவள் வேப்பிலை செருகுவாள் என்று வந்தது. ஆறு வருசம் அந்த வீட்டு இறவாணத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறாள். ஒருநாள்கூட இது அவளுக்கு உறைக்கவில்லை. ஊரெல்லாம் தன் வீட்டைப் போலத்தான் என்று நினைத்துப் போட்ட சட்டம் அது.

"நீ அங்கனதான படுத்த?" என்று நூர்நிஷா கேட்டாள்.

"இல்ல" என்றாள் முத்துவடிவு. "கதவத் தட்டுனேன், தொறக்கல. ஸ்டேஷன்லயே படுத்துட்டேன்."

"அல்லா காப்பாத்துனான்" என்று நூர்நிஷா பெருமூச்சு விட்டாள். "தங்கபுஷ்பத்துக்கும் மாரிக்கும் இது தெரிய வேண்டாம். பயந்துருவாளுக. முருகம்மா காதுல விழுந்துச்சோ, மாரிய வாசப்படி தாண்ட விட மாட்டா. நாலு பேரு இல்லாம நானூறு உருப்படி எப்படிச் செமக்க?"

அந்த வார்த்தை முத்துவடிவுக்கு வசதியாக இருந்தது. மறைக்கச் சொன்னது தான் இல்லை என்று ஆயிற்றல்லவா.

அன்று அவள் சோறு தின்னவில்லை. பதினேழாவது துண்டு கண்ணுக்குள்ளேயே கிடந்தது. ஞானபாக்கியம் அதைப் பையனுக்குப் போர்த்தியிருந்திருக்கிறாள். சண்டாளி, அதை வெறும் தண்ணீரில் அலசி, கணக்குக் குறையக் கூடாதென்று மடித்து வைத்திருக்கிறாள். நாணயக்காரி. முத்துவடிவுக்கு அவள்மேல் கோபம் வந்தது. அந்த வீட்டு மண்ணில் அவள் உருளுகிறாள் என்று நினைத்ததும் கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குழல்வாய்மொழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மை குத்துகிறவரிடம் போனாள். அருமைநாயகம் என்று பெயர். காக்கித் தொப்பியும் சைக்கிளும் உள்ள மனிதர். தெருவில் அவர் மணிச் சத்தம் கேட்டால் தாய்மார்கள் பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்துவைப்பார்கள். பங்குனியில் முத்துவடிவும் அப்படித்தான் செய்தாள்.

"பங்குனியில நான் வந்தப்ப இந்த வீட்டுல பிள்ளையே இல்லன்னு சொன்னியேம்மா" என்றார் அவர். "ரெண்டே மாசத்துல ஒம்பது வயசுப் பிள்ள எப்படி மொளச்சுது?"

முத்துவடிவு மகளை முன்னால் தள்ளிவிட்டாள். அவர் பிள்ளையின் கையைத் துடைத்து, மருந்தை வைத்து, ஊசியைத் திருகினார். குழல்வாய்மொழி அலறினாள்.

"எங்கனயாவது கண்டுதா? மலைக்கு அந்தப் பக்கம் இருக்குன்னு பேச்சு வருது. நீங்க போயி வாரவங்க."

"ஒண்ணும் கேள்விப்படலங்கய்யா."

"ஒளிக்காத. பால்குடிப் பிள்ளைக இருக்குத வீடு தெரிஞ்சா சொல்லு, நானே போறேன். நோவு ஒட்டுன மூணு நாலு நாளுக்குள்ள குத்திட்டா தப்பிச்சுக்கிடும். ஒரு வாரம் போனா பாதிக்குப் பாதி. அதுக்கு மேல நான் போயிப் பிரயோசனமில்ல, கோயிலுக்குத்தான் போவணும்."

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று முத்துவடிவு மனசுக்குள் எண்ணினாள். வாயில் சந்தனமாரியின் பெயர் வந்துவிட்டது. சொன்னால் இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழப்புலியூருக்குப் போவார். யார் சொன்னது என்று முருகம்மாள் கேட்பாள். எங்கே தங்கினாய், எப்படித் தெரியும், எதைக் கொண்டுவந்தாய் என்று தெருவே கேட்கும். ஆனி ஐந்துக்குள் இவள் வீட்டு வாசலில் நிற்கக்கூட ஆள் இருக்காது.

"எனக்கு யாரையும் தெரியாதுய்யா" என்றாள்.

துண்டை வாங்கி எரித்துவிட்டால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் பச்சைக் கரை போட்ட புதுத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கீழப்புலியூருக்குப் போனாள். சந்தனமாரி வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நிழலில் பாயின்மேல் கிடந்தது. அடியில் விரித்திருந்தது அந்தத் துண்டு.

"அந்தத் துண்டக் கொஞ்சம் குடு மாரி. சாயம் சரியில்ல, தறிக்காரன் ஏமாத்திட்டான். பிள்ளை மேல ஒட்டும். இன்னா, இதை வச்சுக்கோ."

சந்தனமாரி புதுத் துண்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "இது வேண்டாங்க்கா, கஞ்சி வெறச்சுக்கிட்டு முள்ளு மாதிரி இருக்கு. அதுன்னா மெத்துன்னு இருக்கு. பிள்ளைக்கின்னு கஞ்சியெல்லாம் அலசி எடுத்துல்லா குடுத்திருக்கீங்க. பாத்தீங்களா, எப்படி யோசிச்சுச் செஞ்சிருக்காங்கன்னு அத்தைகிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சேன்."

முத்துவடிவு குனிந்து பழைய துண்டின் ஓரத்தைப் பிடித்தாள்.

"சாயம் போவுதுட்டி. சொன்னா கேளு."

"நாலு நாளா போட்டிருக்கேன், ஒரு சொட்டு ஒட்டலக்கா."

"குடுட்டிங்கேன்."

குரல் உயர்ந்துவிட்டது. சந்தனமாரி அவளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு துண்டை உருவி நீட்டினாள். பிள்ளை முத்துவடிவைப் பார்த்துப் பொக்கை வாயைக் காட்டியது.

முருகம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். "இப்பத்தான் ஒன்னப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். இவ கையில நாலு காசு பாத்ததும் எம் மவன் மொகமே மாறிட்டு. நீ நல்லாருக்கணும் முத்துவடிவு" என்றாள். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று முத்துவடிவுக்குத் தெரிந்தது. இன்னும் நாலாவது நாள் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரம்தான் ஆகிறது. அருமைநாயகம் வீடு கூப்பிடு தூரம். "வாரேன் மயினி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். துண்டைக் குதிரைக்கொட்டிலுக்குப் பின்னால் எரித்தாள். ஈரத்துணி போல வெகுநேரம் புகைந்தது.

அதற்குப் பிறகு நாட்கள் நகரவில்லை. குழல்வாய்மொழிக்குக் கை வீங்கிக் காய்ச்சல் வந்தபோது முத்துவடிவுக்குச் சந்தோசமாக இருந்தது; குத்தினது பிடித்துவிட்டது என்று அர்த்தம். சந்தோசப்பட்ட கையோடு அழுதாள். பலவேசம் காரணம் கேட்டான், சொல்லவில்லை. எட்டாம் நாள் சந்தனமாரியைக் கிணற்றடியில் கண்டாள். பிள்ளை எப்படி இருக்கு என்று கேட்டாள். தவழுதான்க்கா என்றாள் அவள். பத்தாம் நாள் கேட்டாள். நல்லாருக்கான் என்றாள். பன்னிரண்டாம் நாள் கேட்டபோது, "ஏங்க்கா தெனமும் கேக்கீங்க?" என்று சந்தனமாரி கேட்டாள். முத்துவடிவு கயிற்றை விட்டுவிட்டாள். வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது.

ஆனி நாலாம் தேதி கொல்லம் போக வேண்டிய நாள். அன்று விடியும்போதே காற்று திரும்பிவிட்டது. மலை முழுக்க மேகம் இறங்கி, செங்கோட்டைப் பக்கமிருந்து சாரல் வீசியது. குதிரைக்கு மணி கட்டிக்கொண்டு பலவேசம் பாடினான். ஸ்டேஷனில் மூன்று பேர் மூட்டையோடு நின்றார்கள். வண்டி வந்தது. சந்தனமாரி வரவில்லை.

கீழப்புலியூர்க்காரன் ஒருவன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "அவ வர மாட்டா. பிள்ளைக்கு அம்மன் வந்திருக்கு" என்றான். வண்டி அவர்களை விட்டுவிட்டுப் போயிற்று.

நூர்நிஷா வேண்டாமென்று சொல்லியும் முத்துவடிவு நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். சாரலில் தெரு வழுக்கியது. சந்தனமாரி வீட்டு முன்னால் பத்துப்பேர் தள்ளித் தள்ளி நின்றார்கள். முருகம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முடியை முடிந்துகொள்ளக்கூட இல்லை.

"ரயிலேறாத ரயிலேறாதன்னு தலையால அடிச்சேன்" என்று அவள் எல்லாரிடமும் பொதுவாகச் சொன்னாள். "கேட்டாளா? சந்தையில கண்டவளோட சிரிச்சுப் பேசி, கண்டதத் தொட்டு, தூக்கிட்டு வந்து பிள்ளைக்குக் குடுத்துட்டா. பெத்தவளே குடுத்துட்டா."

"மலையாளத்துக்காரி ஒருத்திகூட நின்னு பேசினதா அவளே சொன்னா" என்று ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள்.

"பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல?" என்றான் ஒரு ஆள்.

முருகம்மாள் முத்துவடிவைக் கண்டாள். "நீ என்ன செய்வ முத்துவடிவு. ஒன்னக் குத்தஞ் சொல்ல மாட்டேன். நீ செங்கோட்டை வரைக்கும்னு சொன்ன, அதுமாதிரி செஞ்ச. அங்கன எதத் தொட்டாளோ இந்த மூதேவி."

ஒரு வார்த்தை பேசாமல் நின்றால் போதும். பழி பாதி வழியில் சந்தனமாரியின் தலையில் இறங்கிவிட்டது. முத்துவடிவுக்கு அது தெரிந்தது. தெரிந்துகொண்டே நின்றாள், எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. சாரல் முகத்தில் அடித்தது.

உள்ளேயிருந்து சந்தனமாரியின் குரல் வந்தது. அழுகிற குரல் இல்லை. பிள்ளைக்கு விசிறிக்கொண்டே பேசுகிறாள் என்று விசிறிச் சத்தத்தில் தெரிந்தது.

"அத்தை, முத்துவடிவக்காவ உள்ள வரச் சொல்லுங்க. அவங்களுக்குப் பட்ட ஒடம்பு, ஒண்ணுஞ் செய்யாது. அவங்க மவளுக்கும் பயமில்ல."

"என்னட்டி சொல்லுத?" என்றாள் முருகம்மாள்.

"காலம்பற அம்மை குத்துறவரு வந்தாருல்லா. முன்னாலயே ஏன் சொல்லலன்னு கேட்டாரு. குதிரவண்டிக்காரரு பொண்டாட்டி வைகாசி இருபத்துநாலுலயே மவளக் கூட்டிட்டு வந்தாளே, பால்குடிப் பிள்ள இருக்குத வீடு தெரியுமான்னு கேட்டேன், தெரியாதுன்னாளேன்னாரு." விசிறி நின்றது. "அன்னைக்குச் சாயந்தரந்தான் அக்கா இங்கன வந்தாங்க. எம் பிள்ளையப் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க."

நூர்நிஷா மெதுவாகத் திரும்பினாள்.

"ஸ்டேஷன்ல படுத்தேன்னு சொன்னியே முத்து."

"படுக்கல" என்றாள் முத்துவடிவு. "ஞானபாக்கியம் வீட்டுலதான் படுத்தேன். அவ மவன் போத்தியிருந்த துண்டத்தான் கொண்டாந்து மாரி மடியில வச்சேன். மறுநாளுக்கு மறுநாளே எனக்குத் தெரியும்."

சொல்லி முடித்ததும் முத்துவடிவு படியை நோக்கி நடந்தாள். வழிவிடச் சொல்லி யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. முருகம்மாள்கூட எழுந்து சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள்.